கத்திரி வெயிலும் நம் வீட்டுக் கோழிகளும்



சித்திரை பிறந்துவிட்டது. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கினால் மாதக் கடைசி வரை விடாது. நமது அறக்கட்டளை வழியாகக் கோழி பெற்ற வீடுகளும், அதற்கு முன்பிருந்தே வளர்த்து வரும் வீடுகளும் நம் மஹல்லாவில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்காகவே இந்த மாதப் பாடம். கால்நடை மருத்துவர் ஒருவர் எழுத வேண்டியதுதான். ஆனால் இந்த விஷயத்தில் முதலில் தவறு செய்தவர்கள் நாங்கள் என்பதால், எங்களிடமிருந்தே தொடங்குவது முறை.

2019-ஆம் ஆண்டு ரமலான் மே மாதத்தில் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு மூன்று மாதம் முன்பு, சதகா நிதியிலிருந்து 9 குடும்பங்களுக்குத் தலா 10 நாட்டுக் கோழிகளும் ஒரு கூண்டும் கொடுத்தோம். பெரும்பாலும் கணவரை இழந்த சகோதரிகள். முட்டை விற்ற காசு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காவது உதவட்டும் என்ற எண்ணம். கூண்டைப் பட்டறையில் சொல்லிச் செய்தோம். 4 அடி நீளம், 3 அடி அகலம், இடுப்பளவு உயரம். கீரியும் பூனையும் நுழையக்கூடாது என்று மூன்று பக்கமும் தகரம், கூரையும் தகரம், முன்பக்கம் மட்டும் கம்பி வலை. பச்சை வண்ணம் அடித்து, அறக்கட்டளையின் பெயரும் எழுதி, வரிசையாக நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டோம்.

நோன்பு பத்தோ பன்னிரண்டோ கழிந்திருக்கும். அஸர் தொழுது வெளியே வரும்போது ஒரு சகோதரியின் மகன் பள்ளிவாசல் வாசலில் நின்றான். போய்ப் பார்த்தால், 10 கோழிகளில் 7 செத்துக் கிடந்தன. மீதி மூன்றும் வாயைத் திறந்தபடி மூலையில் சாய்ந்திருந்தன. யாராவது மருந்து வைத்துவிட்டார்களோ என்பதே அங்கிருந்தவர்களின் முதல் சந்தேகம். அந்தச் சகோதரி தண்ணீர்ச் சட்டியைக் காட்டி, "தண்ணி வச்சுத்தான் இருந்தேன் அண்ணே. பாருங்க, சட்டி நிறைய அப்படியே இருக்கு. தாகம் இல்லையாக்கும்னு நெனச்சேன்" என்றார்.

சட்டியில் விரலை வைத்துப் பார்த்தோம். ஒளு செய்ய முடியாத சூடு. கூண்டின் கூரையில் உள்ளங்கையை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டியிருந்தது.

தண்ணீர் இருந்தது. ஆனால் கோழி குடிக்கிற தண்ணீராக அது இல்லை. கோழி நம்மைவிடச் சூட்டு உடம்புக்காரன். அதன் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். தண்ணீரும் அந்தச் சூட்டை நெருங்கிவிட்டால் குடிப்பதைக் குறைத்துவிடும். குடிக்காததால் சட்டி நிறைந்தே இருக்கும். நிறைந்த சட்டியைப் பார்த்து நாம் திருப்தியடைந்துவிடுவோம்.

ரமலான் இதில் எப்படிச் சேர்ந்தது என்பது பிறகு விசாரித்தபோதுதான் விளங்கியது. மற்ற மாதங்களில் பத்து, பதினொரு மணிக்கு உலை வைப்பார்கள். அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல் என்று ஏதாவது கொல்லைக்குப் போகும். கொண்டுபோகிறவர் கோழியையும் ஒரு பார்வை பார்ப்பார். நோன்பு நாளில் ஸஹருக்குப் பிறகு அடுப்படி அஸர் வரை மூடியே கிடந்தது. லுஹர் தொழுதுவிட்டு எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஆக, அந்த நாளின் மிகக் கொடிய ஐந்து மணி நேரம் கொல்லைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அடுப்படி நேரத்தோடு ஒட்டி நடந்து வந்த ஒரு வேலை, அடுப்படி நேரம் மாறியதும் விடுபட்டுவிட்டது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிற வீடுகளிலும், கல்யாண வீட்டில் பகல் முழுக்க இருந்துவிடுகிறவர்களின் வீடுகளிலும் இதே கதைதான்.

அதே நாளில் இன்னொரு வீடு. அங்கே 10 கோழியும் நலம். அந்தச் சகோதரியை ஒரு மாதம் முன்புதான் நாங்கள் கடிந்துகொண்டிருந்தோம். அறக்கட்டளை கொடுத்த கூண்டில் அவர் விறகு அடுக்கி வைத்திருந்தார். "கொடுத்த பொருளை இப்படியா பயன்படுத்துவது?" என்று கேட்டதற்கு, "உள்ள விட்டா கத்துதுங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார். கோழிகளைப் பகலில் கொல்லையில் திறந்துவிட்டு, இரவில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வந்தார். அவர் வீட்டில் ஒளு செய்யும் இடத்துத் தண்ணீர் ஒரு சிறு வாய்க்காலாக வாழைக் குத்துக்குப் போகிறது. நோன்பு மாதத்தில் ஐந்து வேளையும், தராவீஹுக்கும் சேர்த்து அந்த மண் ஈரம் காயவே இல்லை. கோழிகள் வாழை மூட்டில் குழி பறித்து, ஈர மண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்துக் கிடந்தன. கோழிக்கென்று அவர் தனியாக எதுவும் செய்யவில்லை. நிழல், ஈர மண், காற்று, தாமாக நகர்ந்துகொள்ளும் வசதி, இவ்வளவுதான்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை மதரஸாவில் எல்லோரும் ஓதியிருக்கிறோம். அந்தப் பெண்ணின் குற்றம் பட்டினி போட்டது மட்டும் என்றே நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். தேட விடாமல் கட்டிவைத்ததும் அதில் இருக்கிறது என்பது அந்தத் தகரக் கூண்டின் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. திறந்து கிடக்கும் கோழி நிழலைத் தேடிக்கொள்ளும். நாம் அடைத்த பிறகு நிழலும் காற்றும் தண்ணீரும் நம் பொறுப்பு.

கோழிக்கு வெயில் ஏன் இவ்வளவு கொடுமை?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நமக்கு வியர்த்து, அது காய்ந்து, உடம்பு குளிர்கிறது. கோழிக்கு அந்த வழி அடைப்பு. போதாக்குறைக்கு உடல் முழுவதும் இறகுப் போர்வை. சூட்டை வெளியேற்ற அதற்கு இருப்பவை கொண்டை, தாடையின் கீழ்த் தொங்கும் சதை, இறகில்லாத கால், இறக்கையின் அடிப்பக்கம். அதனால்தான் வெயில் ஏறியதும் இறக்கையை உடம்பை விட்டு அகற்றி வைத்துக்கொள்கிறது. அதுவும் போதாதபோது வாயைத் திறந்து இரைக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 25, 30 தடவை மூச்சு விடும் கோழி, இரைக்கும்போது 100-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளேயுள்ள ஈரம் ஆவியாகி, சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. போகிற ஈரத்துக்கு ஈடாகத் தண்ணீர் வேண்டும். சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் பெட்டைக் கோழி, கத்திரியில் அரை லிட்டர் வரை கேட்கும்.

ஏறக்குறைய 18 முதல் 25 டிகிரி வரை கோழிக்குச் சுகம். 30-ஐத் தாண்டினால் சிரமம் தொடங்குகிறது. 38, 40 என்றால் உயிருக்கே ஆபத்து. திருச்சி, மதுரை, வேலூர்ப் பக்கங்களில் மே மாத மதியம் 40 டிகிரி புதிதல்ல. தகரக் கூண்டின் உள்ளே அதைவிடக் கூடுதல். உடம்பு பெருத்த பிராய்லர் கோழியும் கனத்த பெருவிடையும் முதலில் விழும். சிறுவிடை கொஞ்சம் தாங்கும். கழுத்தில் இறகில்லாத கோழியைச் சிலர் அசிங்கம் என்று ஒதுக்குகிறார்கள். வெயில் காலத்தில் அந்த வெறுங்கழுத்துதான் அதற்கு வரம்.

வெயில் ஏற ஏற முட்டை ஓடு மெலிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். ஓயாமல் இரைப்பதால் இரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு உருவாக அதுவும் ஒரு மூலப்பொருள். சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் ஓடு கட்ட முடியாமல் போகிறது. தீனியும் குறைந்துவிடுவதால் முட்டையின் எண்ணிக்கையும் குறையும். "கோழிக்கு வயசாயிடுச்சு" என்று மே மாதத்தில் விற்றுவிடாதீர்கள். மழை விழுந்த பிறகு பாருங்கள். அதுவரை உலர்ந்த முட்டை ஓட்டையோ கிளிஞ்சலையோ நொறுக்கி, மாலைத் தீனியோடு ஒரு கைப்பிடி போட்டு வாருங்கள்.

தண்ணீர், நிழல், காற்று

தண்ணீர் மண் சட்டியில் இருக்கட்டும். மண் சட்டி கசிந்து தானும் குளிர்ந்து தண்ணீரையும் குளிர வைக்கும். பிளாஸ்டிக், அலுமினியத்தில் அது நடக்காது. ஒரே சட்டி போதாது. வலுத்த கோழி ஒன்று முன்னால் நின்றுகொண்டு மற்றவற்றை விரட்டும். பத்துக் கோழிக்கு மூன்று சட்டியாவது வெவ்வேறு நிழலில் வையுங்கள். குஞ்சுகள் இருந்தால் சட்டிக்குள் சில கூழாங்கற்கள் போடுங்கள், விழுந்து சாகாது.

மாடியிலுள்ள கறுப்புத் தொட்டித் தண்ணீரை மதியம் இரண்டு மணிக்குப் பிடித்து ஊற்றினால் அது வெந்நீர். சுபுஹுக்குப் பிறகே ஒரு குடம் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்; பகல் முழுக்க அதிலிருந்து ஊற்றலாம். எப்போது மாற்றுவது என்பதற்கு எங்கள் யோசனை இது: சுபுஹு, பதினொரு மணி, லுஹர், அஸர். மூன்று வேளைக்குப் பாங்கே நினைவூட்டிவிடும். பதினொரு மணிக்குத்தான் யாராவது ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டி நிறைந்திருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதாது.

கடும் வெயில் நாளில் ஓ.ஆர்.எஸ். பொடியை 1 லிட்டருக்கு 1 பாக்கெட் கணக்கில் கரைத்து, மதியத்தில் ஓரிரு மணி நேரம் வைக்கலாம். பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும். நீர்மோரும் நல்லதுதான். ஆனால் உப்புப் போட்டதை ஊற்றக்கூடாது. மீந்ததைச் சாயங்காலத்துக்குள் கொட்டிவிட வேண்டும்.

நிழல் என்றால் கீற்றுதான். தகரத்தின் மேல் நேரடியாகத் தென்னங்கீற்றைப் பரப்பினாலே சூடு குறையும். இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சட்டம் கட்டி வேய்ந்தால் இன்னும் நல்லது. அந்த இடைவெளியில் காற்று ஓடும். கீற்றுக்கு வழியில்லை என்றால் கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள். செலவு சொற்பம். கூண்டின் மேல் நீலத் தார்ப்பாயை இழுத்து மூடுவது நன்மை செய்வதாக நினைத்துச் செய்யும் தீங்கு. உள்ளே காற்று செத்துப்போகும். பச்சை நிழல்வலையையும் கூண்டின் மேல் படுக்கப் போடாமல் இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். வீட்டில் அவரை, புடலைப் பந்தல் இருந்தால் கூண்டை அதன் கீழே நகர்த்திவிடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

பஞ்சாரம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காலையில் நிழலாக இருக்கிறது என்று பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு ஜும்ஆவுக்குப் போய்விடுகிறோம். நிழல் நகர்ந்துவிடும், பஞ்சாரம் நகராது. கவிழ்ப்பதற்கு முன் அந்த இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு வெயில் எங்கே விழும் என்று யோசிக்க வேண்டும். மொட்டை மாடியில் வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். மேலே வெயில், கீழே காங்கிரீட் அனல். மே மாதம் மட்டுமாவது கீழே இறக்கிவிடுங்கள், பக்கத்து வீட்டுக் கொல்லையில் கேட்டுப் பெற்றாவது.

ஈரச் சாக்கு கட்டுவதில் பலரும் நாலு பக்கமும் மூடிவிடுகிறார்கள். காற்று வரும் பக்கம் மட்டும் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் பலன். அடைத்த கூண்டுக்குள் தண்ணீர் தெளித்தால் உள்ளே புழுக்கம் ஏறும். புழுக்கத்தில் கோழி எவ்வளவு இரைத்தாலும் ஈரம் ஆவியாகாது, சூடு இறங்காது. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் இருக்கும் நம் உறவினர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே காற்றே ஈரம். ஈரச் சாக்கைவிட, திறந்த பக்கமும் ஒரு மேசை விசிறியும் அதிகம் உதவும். கூண்டுக்கு வெளியே, மரநிழல் மண்ணில் ஊற்றுவதில் பிழையில்லை. கோழி அங்கே தானாகக் குழி பறித்துக்கொள்ளும்.

கூண்டுக்குள் பரப்பிய உமியும் மரத்தூளும் எச்சத்தோடு சேர்ந்து புழுங்கிச் சூடாகும். கோடையில் அதை வாரிவிட்டு இரண்டு விரற்கடைக்கு மட்டும் புதிதாகப் போடுங்கள். எண்ணிக்கையையும் குறையுங்கள். பத்துக் கோழிக்கு நாங்கள் கொடுத்த கூண்டு, உண்மையில் ஐந்துக்குத்தான் போதும்.

தீனியும் அடையும்

தின்ற தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகும். காலை பத்து மணிக்குத் தானியம் தின்றால் அந்தச் சூடு உச்சி வெயிலோடு சேர்ந்துகொள்ளும். அதனால் தானியத்தைச் சுபுஹு வெளிச்சத்தில் ஒரு பங்கும், வெயில் தாழ்ந்தபின் ஒரு பங்கும் போடுங்கள். பகலில் கீரைத் தண்டு, வெள்ளரி, தர்பூசணித் தோல் போதும். தர்பூசணி தின்னாத வீடு இப்போது எது? தோலைக் குப்பையில் போடாமல் கொல்லையில் போடுங்கள். மீந்த பிரியாணியையும் ஊறுகாய்ச் சோற்றையும் கோடையில் கோழிக்குப் போடவேண்டாம். உப்பு கோழிக்கு ஆகாது, தாகத்தையும் கூட்டும்.

அடைக்கோழி பாவம். முட்டையை விட்டு எழுந்திருக்க அதற்கு மனம் வராது. உட்கார்ந்தபடியே செத்த கோழிகளும் உண்டு. இந்த மாதத்தில் அடை வைத்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குள், காற்றோட்டமான மூலையில், மணல் பரப்பிய கூடையில் வையுங்கள். இடிக்குப் பயந்து நம் நன்னிமார்கள் கரித்துண்டும் இரும்பும் போடுவார்கள். போட்டால் கெடுதல் இல்லை, போடாவிட்டாலும் இல்லை. காலையும் மாலையும் கையால் தூக்கி இறக்கி, தண்ணீர் குடிக்க வைப்பதே முக்கியம். அடைக்குச் சேர்க்கும் முட்டைகளை ஈரமணல் மேல் வைத்த மண் பானைக்குள் போட்டு, ஒரு வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். வெயிலில் கிடந்த முட்டையில் கரு தங்காது.

விழுந்துவிட்ட கோழிக்கு

வாய் திறந்து இரைப்பது முதல் அறிகுறி. அடுத்து, நடை தள்ளாடும், கொண்டை வெளிறும் அல்லது கருநீலமாகும், கண் சொருகும். உடனே நிழலுக்குத் தூக்கிவந்து, குழாய்த் தண்ணீர் நிரம்பிய வாளியில் கழுத்துவரை இறக்கி ஓரிரு நிமிடம் பிடித்திருங்கள். பனிக்கட்டித் தண்ணீர் வேண்டாம். கொண்டையையும் காலையும் நனையுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் விட்டு, அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அன்று அந்த வீட்டில் மிச்சமிருந்த மூன்றில் இரண்டை இப்படித்தான் காப்பாற்ற முடிந்தது. மூன்றாவதுக்கு யாரோ பதற்றத்தில் வாயில் ஊற்றிவிட்டார்கள்.

"சாவதற்குள் அறுத்துவிடலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுத்தால் ஹலால். செத்துவிட்டால் ஹராம், புதைத்துவிட வேண்டும். உயிர் இருந்ததா, இல்லையா என்று சந்தேகம் வந்தால் இமாமிடம் கேளுங்கள். ஆனால் அது வெயிலா, நோயா என்பதை முதலில் பாருங்கள். வெயிலில் சாவது மதியத்திலும் பிற்பகலிலும். காற்று மாறினால் நின்றுவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இரவு பகல் பாராமல் நாள்தோறும் ஒவ்வொன்றாகச் செத்தால் அது கோழிக்கழிச்சல், ராணிக்கெட் என்பார்கள். அந்தக் கோழியை அறுக்கவும் வேண்டாம், அடுத்தவருக்கு விற்கவும் வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்தில் உடனே சொல்லுங்கள், தடுப்பூசியும் அங்கேதான். ஊசி போடக் கொண்டுபோவது காலை வெயிலுக்கு முன்னால் இருக்கட்டும். இறக்கையை விரிக்க இடமுள்ள கூடையில் கொண்டுபோங்கள். காலைக் கட்டி வண்டிக் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போகிற வழக்கம் நம்மவர்களிடமும் இருக்கிறது. கசாப்புக் கடைக்குக் கொண்டுபோகும் கோழியாக இருந்தாலும் அதற்கு நியாயம் இல்லை.

அந்த ஆண்டு 9 வீடுகளிலும் சேர்த்து 23 கோழிகள் செத்தன. அவ்வளவும் பச்சைக் கூண்டுக்குள் இருந்தவை. ஐப்பசியில் மழை பெய்த பிறகு அவற்றுக்கு ஈடு கொடுத்தோம். இப்போதெல்லாம் தை, மாசியில் கோழி கொடுப்பதில்லை. புது இடத்தில் பழகுவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. மாதிரிக் கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று, விறகு அடுக்கி வைத்திருந்த அந்தச் சகோதரியிடமே கேட்டுச் செய்கிறோம்.

தோப்பு வைத்திருக்கும் இரண்டு சகோதரர்கள் இந்த ஆண்டும் கீற்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேவைப்படுவோர் வரும் வெள்ளிக்குள், அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பழைய பச்சைக் கூண்டை இன்னும் வைத்திருப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து இரண்டு பக்கத் தகரத்தை வெட்டியெடுத்து வலை அடித்துத் தருவார். கூலி அறக்கட்டளையுடையது.